கொடுக்கும் கையும் வாங்கும் கையும்

2025-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20-ஆம் நாள். வாஷிங்டனில் ஒருவர் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார், அன்றே பேனாவை எடுத்தார், கையெழுத்திட்டார். அயல்நாடுகளுக்கு அமெரிக்கா அளித்துவந்த உதவி நின்றது. எங்கோ ஆப்பிரிக்கச் சிற்றூரிலே மருந்து வாங்க வந்து நின்றவள், மூடிய கதவைக் கண்டு திரும்பினாள். 1961-இல் பிறந்த ‘யு.எஸ். எய்டு’ என்னும் நிறுவனம், 2025 சூலை முதல் நாளோடு தன் உதவிப் பணியை முடித்துக்கொண்டது.

ஒரு கையெழுத்து! அறுபது ஆண்டுக் கட்டடம் சரிந்தது!

கொடுத்தவன் கையை மடக்கிக்கொண்டான். ஏந்தி நின்றவன் என்ன செய்ய முடியும்? அதுதான் தருமத்தின் இலக்கணம். கொடுப்பவன் மனம் இருக்கும்வரை தருமம். மனம் மாறினால் மௌனம்.

இதை ஏடுகள் டாலர் கணக்காக எழுதின. எத்தனை கோடி நின்றது, எந்த நாடு எவ்வளவு இழந்தது என்று பட்டியல் போட்டன. தவறில்லை. ஆனால் நாம் வேறொரு கணக்கைப் பார்க்க விரும்புகிறோம். உலக மருத்துவ உதவி என்கிறார்களே, அந்தப் பணியிலே உடற்குறை உடையவர் எங்கே இருக்கிறார்? வரிசையிலே இருக்கிறாரா? வாசலிலேயே நிற்கிறாரா? மருந்து கொடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம், கொடுப்பவராக, ஒருவரேனும் இருக்கிறாரா?

எண்ணத் தெரியாதவர்கள்

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். உலகத்திலே 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறையோ மனக்குறையோ உடையவர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் கூறியது. நூற்றுக்குப் பதினாறு. நம் நாட்டுக் கணக்கு என்ன? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம். நூற்றுக்கு இரண்டு சொச்சம். தமிழ்நாட்டில் 11 இலட்சத்து 79 ஆயிரம். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

உலகத்தில் பதினாறு, நம் நாட்டில் இரண்டு! நாம் என்ன இரும்பால் செய்த மக்களா? நம் பேருந்துகள் மோதுவதில்லையா? நம் பிரஸ் மெஷின்கள் விரல் கேட்பதில்லையா? நம் சர்க்கரை நோய் கால் கேட்பதில்லையா? அளவுகோல் வேறு என்பது உண்மை. கேட்ட கேள்வி வேறு என்பதும் உண்மை. ஆனால் வீட்டு வாசலில் நின்று கேட்பவர் கேட்கும் விதத்தில் கேட்காவிட்டால், உள்ளறையில் இருப்பவர் ஏட்டில் ஏறமாட்டார். ஏட்டில் இல்லாதவருக்குப் பொட்டலம் இல்லை, மருந்து இல்லை, படகிலும் இடம் இல்லை.

படகு என்றதும் தாம்பரத்துத் தோழர்களுக்கு முடிச்சூர் நினைவு வரும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. மாடியிலே ஏறி நின்றவர்கள் தப்பினார்கள். ஏற முடியாதவர்? “வெளியே வாருங்கள், படகு வந்திருக்கிறது” என்று ஒலிபெருக்கி அழைக்கிறது. காது கேளாதவர் எப்படி வருவார்? பள்ளிக்கூடத்து மேல்தளத்தில் மருத்துவ முகாம் என்கிறார்கள். சக்கர நாற்காலி படியேறுமா? ஊசி போடுகிற டாக்டர் நல்லவர். பால்பொடி கொடுக்கிற தொண்டர் நல்லவர். எல்லோரும் நல்லவரே. ஆனாலும் நல்லவர் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் விடுபட்டுப்போகிறார். காரணம், திட்டம் போட்ட மேசையிலே அவர் இல்லை.

தாளிலே உரிமை

உலகம் இதை அறியாமல் இல்லை. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007-இல் அதை உறுதிசெய்தது. அதன் 11-ஆவது பிரிவு சொல்கிறது: போரோ பேரிடரோ வந்தால் மாற்றுத்திறனாளிகளின் உயிருக்கும் காப்புக்கும் அரசுகள் பொறுப்பு. 32-ஆவது பிரிவு சொல்கிறது: நாட்டுக்கு நாடு செய்யும் உதவி அவர்களையும் சேர்த்துக்கொள்வதாக இருக்கவேண்டும். 2016-இல் இஸ்தான்புல்லில் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். 2019-இல் பாதுகாப்பு அவை 2475-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு உதவி நிறுவனங்களுக்கென்று தடித்த வழிகாட்டி நூலும் வந்தது.

தாள் நிறைய வந்தது. தாளிலிருந்து தரைக்கு வருவதற்குத்தான் பாதை போடவில்லை. சாசனம் எழுதியவர்கள் சாய்தளம் கட்ட மறந்தார்கள்!

ஏன்? நாம் காணும் காரணம் ஒன்றுதான். உடற்குறை உடையவரை உதவி பெறுபவர் என்றே உலகம் பழகிவிட்டது. அவர் வாங்கும் கை; மற்றவர் கொடுக்கும் கை. இந்த ஏற்பாட்டை மாற்றாமல் எத்தனை சாசனம் எழுதினாலும் அது தருமப் புத்தகத்தில் இன்னொரு பக்கமாகவே முடியும்.

மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல நாம் ஜெனீவாவுக்குப் போகவேண்டியதில்லை. தாம்பரத்தில் ரயில் ஏறினால் போதும்.

செங்கற்பட்டில் ஒரு கை

தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கற்பட்டை அடுத்த திருமணியில், தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனை இருந்தது. 1947-இல் அங்கே ஒரு டாக்டர் வந்தார். பெயர் பால் பிராண்ட், வெள்ளைக்காரர், ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில். எலும்பு அறுவை மருத்துவர். ராபர்ட் காக்ரேன் என்னும் தொழுநோய் அறிஞர் அவரை அழைத்துச் சென்று காட்டினார். மடங்கிய விரல்கள், மரத்த கைகள். ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, “அழுத்து” என்றார் பிராண்ட். அழுத்தினான்; வலி தாங்கவில்லை! மடங்கிப்போன, செத்துப்போன என்று உலகம் ஒதுக்கிய கையில் அத்தனை வலு!

அதிலிருந்து அவர் கண்டது என்ன? நோய் சில நரம்புகளை மட்டுமே தாக்குகிறது. முன்கைத் தசை பல வலுவாகவே இருக்கின்றன. நல்ல தசையின் நாணை எடுத்து, முடங்கிய விரலுக்கு மாற்றித் தைத்தால் விரல் நிமிரும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அந்த அறுவையை வளர்த்தார்கள். பார்க்க, கற்க, உலகமே வேலூருக்கு வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கை நிமிர்ந்தவர் ஊருக்குப் போனார். வேலை கொடுக்க ஆளில்லை. அதுவரை மடங்கிய கையை நீட்டினால் காசு விழுந்தது. நிமிர்ந்த கையை நீட்டினால் அதுவும் விழவில்லை! இதைப் பிராண்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தோழர்கள் இதைச் சற்று நின்று எண்ணவேண்டும். இந்தச் சமுதாயம் முடங்கிய கைக்குக் காசு போடும். நிமிர்ந்த கைக்கு வேலை தராது. இரக்கத்துக்கு விலை உண்டு, உழைப்புக்கு இல்லை. எனவே மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே ‘நவ ஜீவ நிலையம்’ அமைத்துத் தச்சு முதலிய தொழில் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

நாற்காலியில் ஒரு டாக்டர்

அதே வேலூரில்தான் இரண்டாவது நிகழ்ச்சி; நம் வாதத்துக்கு உயிர் கொடுக்கும் நிகழ்ச்சி. மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் டாக்டர். 1954-இல் கார் விபத்து. முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. டாக்டராக இருந்தவர் நோயாளியானார். அந்நாளைய வழக்கப்படி அடுத்தது என்ன? ஒரு கட்டில், ஒரு சன்னல், உறவினர் பெருமூச்சு. அவ்வளவுதான்.

அப்படி முடியவிடவில்லை. கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அன்றோ? கால் எதற்கு? சக்கர நாற்காலியை அறுவை மேசையருகே தள்ளினார்கள். நடக்க முடியாத டாக்டர், தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார்; நாற்காலியில் இருந்தபடியே தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிறுவனத்தில் மாணவியாகச் சேர்ந்தார், படித்தார். 1960-களின் தொடக்கத்தில் திரும்பி வந்து வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையத்தை எழுப்பினார். இந்தியாவில் அவ்வகையில் முதலாவது அதுவே. 1972-இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்தவனிடம், “நீ வாழலாம்” என்று எவரும் சொல்லலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்த டாக்டர் சொன்னால் அவன் நம்புவான். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து அது!

அயல்நாட்டுப் பணத்தில் எழுந்த மருத்துவமனைதான் வேலூர் மருத்துவமனை. பெர்த்தும் நியூயார்க்கும் அயல்நாட்டு உதவிதான். ஆனால் அந்த உதவி ஒரு பெண்ணைக் கட்டிலில் கிடத்திச் சோறு ஊட்டுவதோடு நின்றிருந்தால்? ஒரு நோயாளி குறைந்திருப்பாள்; ஒரு துறை பிறந்திராது. அவரைக் கொடுக்கும் பக்கத்துக்கு மாற்றியதால், பல்லாயிரவர் வாழ்வுக்கு வாசல் திறந்தது.

காயம் ஆறிய பிறகு

இதை வெறும் தனிமனிதர் பெருமை என்று தள்ளிவிடுவார்கள். “எல்லோரும் மேரி வர்கீஸ் ஆக முடியுமா?” என்பார்கள். முடியவேண்டியதில்லை. ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். காபூல் நகரில் செஞ்சிலுவைச் சங்கம் 1988-இல் செயற்கைக் கால் செய்யும் நிலையம் ஒன்றைத் திறந்தது. ஆல்பெர்ட்டோ கெய்ரோ என்ற இத்தாலியர் 1990 முதல் அங்கே தொண்டாற்றினார். கண்ணிவெடியில் கால் போனவர் வந்தார், கால் பெற்றார், “வேலை?” என்றார். அந்நிலையத்திலேயே வேலை கொடுத்தார்கள். கால் செய்பவர், நடை பழக்குபவர், கணக்கு எழுதுபவர் என ஊழியர்களில் ஏறத்தாழ எல்லோருமே மாற்றுத்திறனாளிகள்; அங்கேயே நோயாளிகளாக வந்தவர்கள். போர் நடந்த ஊரிலே, குண்டு விழுந்த தெருவிலே, ஆட்சிகள் மாறி மாறி வந்த தலைநகரிலே நடந்தது இது. ஒன்றிரண்டு தனிமனிதர் என்ற பேச்சு இங்கே எடுபடாது.

அதே உலகம் ஈழத்தில் என்ன செய்தது? 2009-இல் வன்னியில் போர் கொளுத்தியபோது செஞ்சிலுவைக் கப்பல்கள் காயம்பட்டோரை ஏற்றிச் சென்றன. புல்மோட்டையில் இந்திய அரசின் மருத்துவக் குழு சிகிச்சை அளித்தது. உயிர் காத்தவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் கட்டுப் போடும் வேலை சில கிழமைகளில் முடிகிறது. டாக்டர் பெட்டியைக் கட்டுகிறார். காலிழந்தவன் வாழ்க்கை அன்றுதான் தொடங்குகிறது. செயற்கைக் கால் தேயும், மாற்றவேண்டும். குழந்தை வளரும், ஆண்டுக்காண்டு புதுக்கால் வேண்டும். இந்தக் கணக்கு, கப்பலில் வருகிற உதவியின் ஏட்டில் ஏறுவதே அரிது. அவசரம் அவர்களுக்குத் தெரியும், ஆயுள் தெரியாது. ஆயுள் தெரிந்தவர், அந்த ஆயுளை வாழ்கிறவர். அவர் மேசையில் இருந்தால் கணக்கும் ஏட்டில் இருக்கும்.

இரு கை விதி

“அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள், டாக்டராகச் சொல்லுங்கள், அப்புறம் வரட்டும்” என்று சில அறிவாளிகள் செப்புகிறார்கள். நன்று! படிக்கப் போனவருக்கு என்ன நடந்தது?

2019-இல் வகுத்த விதியின்படி, மருத்துவக் கல்லூரியில் சேரும் மாற்றுத்திறனாளிக்கு இரு கைகளும் பழுதில்லாமல் இருக்கவேண்டும், உணர்வு குன்றாதிருக்கவேண்டும், போதிய வலு இருக்கவேண்டும். மாற்றுத்திறனாளிக்கு இடஒதுக்கீடு உண்டு. அவருக்கு மாற்றுத்திறன் மட்டும் இருக்கக்கூடாது! எப்படியிருக்கிறது நியாயம்! உணர்வற்ற கையை நிமிர்த்தும் கலையை உலகத்துக்குக் கற்பித்த நாட்டில், உணர்வு குன்றிய கைக்கு மருத்துவப் படிப்பின் வாசல் அடைப்பு!

வழக்குக்கு மேல் வழக்கு நடந்தது. குறையின் விழுக்காட்டை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளக்கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று பாருங்கள் என 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கூறியது. 2025 பிப்ரவரி 21-இல் இன்னும் ஒரு படி ஏறியது: ‘இரு கைகளும் பழுதின்றி’ என்ற நிபந்தனையே அரசியல் சட்டத்தின் நோக்கத்துக்கு முரண் என்றது. தீர்ப்பு வந்தது ஒரு மாணவனின் வழக்கில். அவன் கேட்டது சலுகையா? தேர்வெழுதி வென்ற இடத்தைக் கேட்டான்.

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. ‘தகுதி, திறமை’ என்ற சொற்களால் யாரை எங்கே நிறுத்தினார்கள் என்பது நம் இயக்கத்துக்குத் தெரியும். பிறப்பைக் காட்டித் தள்ளியவர்கள் ஒருநாள் தகுதியைக் காட்டித் தள்ளினார்கள். இன்று உடம்பைக் காட்டித் தள்ளுகிறார்கள். பூட்டு ஒன்றுதான், சாவியை மட்டும் மாற்றி மாற்றி ஒளிக்கிறார்கள்.

அவசரமும் செலவும்

இரண்டு கேள்விகள் கேட்பார்கள். பதில் சொல்லிவிடுவோம்.

“வெள்ளத்திலும் போரிலும் இதற்கெல்லாம் நேரம் ஏது?” நேரம் இல்லை என்பதால்தான் முன்னமே செய்யச் சொல்கிறோம். தீப்பற்றிய பிறகு கிணறு வெட்டுகிறவன் நேரமில்லை என்றுதான் சொல்வான்.

“போர்முனைக்குச் சக்கர நாற்காலி போகுமா?” மருத்துவ உதவி என்பது போர்முனையில் ஓடுவது மட்டுமா? மருந்து இருப்புப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே படிக்க வேண்டும். சோதனைச்சாலையில் இரத்தம் ஆராய வேண்டும். நோயாளிக்குத் தைரியம் சொல்ல வேண்டும். கணக்கு எழுத வேண்டும். அடுத்த குழுவுக்குப் பயிற்சி தர வேண்டும். இவற்றில் எதற்கு ஓட்டம் வேண்டும்? ஓடுகிற வேலைக்கு ஓடுகிறவர் போகட்டும். உட்கார்ந்து செய்யும் வேலையையும் ஓடுகிறவருக்கே ஒதுக்குவானேன்?

செலவா? கட்டும்போதே சாய்தளம் கட்டினால் செலவு சிறிது. கட்டி முடித்து, இடித்து, திரும்பக் கட்டினால்தான் பெரிது. கொத்தனார் தோழரைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

சானடோரியம் சொல்லும் பாடம்

தாம்பரத்திலேயே இன்னொரு சான்று உண்டு. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது சானடோரியம்; அதன் பெயரிலே ரயில் நிலையமே இருக்கிறது. 1990-களில் எச்.ஐ.வி. என்ற பெயரைக் கேட்டாலே மற்ற இடங்களில் கதவு சாத்தினார்கள். சானடோரியம் கதவைத் திறந்தது. நாட்டிலேயே பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை நிலையங்களில் ஒன்றாயிற்று. அதே காலத்தில், 1994-இல், பாரிசில் கூடிய 42 நாடுகள் ஒரு கொள்கையை ஒப்புக்கொண்டன: இந்த நோயோடு வாழ்பவர்களை வைத்துத்தான் இந்த நோய்க்கான திட்டம் போடவேண்டும் என்று. நோயாளிகளே சங்கம் கண்டார்கள். நோயாளிக்கு நோயாளியே ஆலோசனை சொன்னார்கள். அச்சம் குறைந்தது, மருந்து உண்பது கூடியது.

நோயாளியைத் திட்ட மேசையில் உட்கார வைக்க முடியும் என்று உலகம் ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியானால் மாற்றுத்திறனாளியை உட்கார வைக்கவும் முடியும். முடியாது என்பவர், மனமில்லை என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார்.

நம் வேலை

உலகத்தைப் பற்றிப் பேசினோம். இனி நம் வாசலைப் பார்ப்போம்.

‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை நீக்கி, ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை 2010-இல் முதலமைச்சராக இருந்த கலைஞர் அரசாணை ஏட்டில் ஏற்றினார். 2016-ஆம் ஆண்டின் மைய அரசுச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்று, அரசுப் பணியில் நூற்றுக்கு நான்கு இடம் என்றது. 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம், ஊராட்சியிலும் நகராட்சியிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. சொல் மாறியது, சட்டம் வந்தது, மன்றத்தில் நாற்காலியும் வந்தது. மகிழ்கிறோம். ஆனால் தெருவிலே?

பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் கிளைகள் இலவச மருத்துவ முகாம் நடத்துகின்றன. கொடி கட்டுகிறோம், பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி வைக்கிறோம். முகாமுக்கு வாசல் எங்கே? மூன்று படிக்கு மேலே! அந்தப் படியின் கீழே நிற்பவர் யார் என்று எந்தக் கிளைச் செயலாளராவது எண்ணியதுண்டா? சைகை மொழி தெரிந்த ஒருவரை அழைத்ததுண்டா? மாற்றுத்திறனாளித் தோழரிடம் மாலையும் தையல் இயந்திரமும் கொடுத்துப் படம் எடுத்தோமே, முகாமின் கணக்கேட்டை அவரிடம் கொடுத்தோமா? வரவேற்புக் குழுவில் பெயர் போட்டோமா?

எனவே ஒன்று சொல்கிறோம். அடுத்த முகாம் தரைத்தளத்தில் நடக்கட்டும். அறிவிப்பு, காதுக்கும் கண்ணுக்கும் சேர்த்து வரட்டும். முகாம் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவர், மாலை வாங்க அல்ல, முடிவு செய்ய இருக்கட்டும். மழைக்காலம் வருமுன், தெருவுக்குத் தெரு, எந்த வீட்டில் எவர் படி இறங்க முடியாதவர் என்று ஏடு எழுதுவோம். அந்த ஏட்டை அவர்களே வைத்திருக்கட்டும்.

பிரஸ் மெஷின் முன் நிற்கும் தோழரே, மின்சார ரயிலில் தொங்கிப் பயணம் செய்யும் தோழரே, இது யாருக்கோ செய்யும் உபகாரம் என்று எண்ணாதீர். இன்றைக்கு உங்கள் கை கொடுக்கும் கை. நாளைக்கு எந்தக் கை என்று மெஷின் சொல்லாது, ரயிலும் சொல்லாது, முதுமையும் சொல்லாது. அன்று உங்களுக்கு வேண்டியது எவனோ ஒருவன் கையெழுத்தில் நின்றுபோகிற தருமமா? எவனும் நிறுத்த முடியாத உரிமையா?

உரிமைதான் என்றால், அதை இன்றே, உங்கள் கிளையில், அந்த மூன்று படியிலிருந்து தொடங்குங்கள்!